குறித்துக்கொள்ளப்பட்டது

ஜூலை 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நான் நலம். நீ, உன் மனைவி, உன் முழங்கால் வலி மூவரும் எப்படி இருக்கிறீர்கள்?

ஒரு செய்தி. பல்கலைக்கழகத்துக்கு என்னைப் பதிவாளராகப் போட்டிருக்கிறார்கள். உடனே ரயில்வே குடியிருப்பு முழுக்கத் தம்பட்டம் அடிக்காதே. பதவிக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'பொறுப்பு' என்று ஒரு வால் இருக்கிறது. பழைய பதிவாளர் திடீரென்று மருத்துவ விடுப்பில் போய்விட்டார். அவர் திரும்பி வரும்வரை நான். துணைவேந்தர் கூப்பிட்டு உட்காரவைத்து, "ஆறு மாசம் பாருங்கம்மா. நல்லபடியா போச்சுன்னா அந்த அடைப்புக்குறியை நானே எடுத்துடறேன்" என்றார். இருபத்தாறு வருஷம் அமிலமும் காரமும் சொல்லிக்கொடுத்தவளுக்கு அடைப்புக்குறியை எடுக்கத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டேன்.

அறை பெரிது. மேஜையின் இடதுபக்க இழுப்பறை திறக்கமாட்டேன் என்கிறது. பழையவரின் மூக்குக்கண்ணாடிக் கூடு மேஜையிலேயே கிடந்தது. படுத்த படுக்கையாக இருப்பார் என்று நினைத்து உதவியாளரிடம் கொடுத்தனுப்பினேன். போய்வந்தவர், "தோட்டத்துல ரெண்டு கையிலயும் வாளி தூக்கித் தண்ணி ஊத்திட்டிருக்காருங்க" என்றார். என்ன நோயோ.

வாலுவை விடுதியில் சேர்த்துவிட்டேன். மாணவியர் விடுதி, பழைய தொகுதி, கீழ்த்தளம், அறை எண் ஏழு. கூட இருப்பவள் நெட்டையாக, சாதுவாக இருக்கிறாள். உன் பெண் அவளையும் கெடுத்துவிடுவாள்.

பதில் எழுது.

உன் அக்கா

*

ஜூலை 15

அன்புள்ள அக்காவுக்கு,

பதிவாளர் (பொறுப்பு) அவர்களின் சமூகத்துக்கு, பாதை ஆய்வாளர் (பொறுப்பே இல்லாதவன்) வணக்கம். முழங்காலைத் தவிர மற்ற எல்லோரும் நலம். உன் ரத்த அழுத்த மாத்திரையை வேளாவேளைக்குப் போடுகிறாயா? பெரிய நாற்காலி கிடைத்ததும் மறந்துவிடப் போகிறாய்.

என் பிழைப்பு பழையபடிதான். காலையில் டிராலியில் ஏறினால் பதினெட்டுக் கிலோமீட்டர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். புதிதாக ஒரு சிவப்புக் கொடி கொடுத்திருக்கிறார்கள். பழையது வெளுத்துப்போய் ரோஸ் கொடி ஆகிவிட்டது, அதைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆகமொத்தம் இரண்டு கொடிக்கு அதிபதி நான்.

வாலு கடிதம் போட்டிருந்தாள். அறையில் அவள் கட்டிலுக்கு மேலே சுவரில் யாரோ ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை, காயத்துக்கு பிளாஸ்திரி போடுகிற மாதிரி ஒட்டியிருக்கிறார்களாம். முகம் பார்க்கவும் உதவவில்லையாம். நெட்டை அதற்குப் பேனாவால் மீசை வரைந்திருக்கிறாளாம். படித்துச் சிரித்தேன். ஆனால் பாலங்களில் நாங்களும் அப்படிக் கண்ணாடி ஒட்டுவோம் அக்கா. விரிசலுக்குக் குறுக்கே ஒட்டுவோம். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடையும். அங்கே யார் ஒட்டினார்கள், எதற்கு என்று விசாரித்துச் சொல்லேன்.

உன் தம்பி

*

ஆகஸ்ட் 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம். மாத்திரை போடுகிறேன். உன் மனைவிக்கு என் அன்பைச் சொல்.

போன வாரம் ஆட்சிக்குழுக் கூட்டம். பதிவாளர்தான் நடவடிக்கைக் குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். எனக்கு அது புதுசு என்பதால் அலுவலகக் கண்காணிப்பாளர் பக்கத்திலேயே நின்றார். நல்ல மனிதர். காதுக்குப் பின்னால் பென்சில் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. "மேடம், 'ஏற்கப்பட்டது'ன்னு எழுதினா செய்யணும். 'நிராகரிக்கப்பட்டது'ன்னு எழுதினா ஏன்னு சொல்லணும். 'குறித்துக்கொள்ளப்பட்டது'ன்னு எழுதினா ஒண்ணுமே வேண்டாம். மறைச்சோம்னும் யாரும் சொல்ல முடியாது, செய்யலைன்னும் சொல்ல முடியாது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தமிழில் இப்படி ஒரு சொல் இருப்பது தெரியாமல் நாற்பத்தொன்பது வயது ஆகிவிட்டதே.

இருபத்திரண்டு பொருள்களை இரண்டு மணி நேரத்தில் முடித்தோம். பொருள் எண் பதினொன்று, ஏதோ ஒரு கட்டட அறிக்கை, நாற்பது விநாடியில் முடிந்தது. ஜனவரியில் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. எந்த விடுதியில் எத்தனை பேர், எந்த நூலகத்தில் எத்தனை புத்தகம் என்று எல்லாவற்றையும் எண்ணுவார்கள். அதுவரை எதையும் கலைக்க வேண்டாம் என்பது துணைவேந்தர் எண்ணம்.

வாலு நன்றாக இருக்கிறாள். முடி வெட்டிக்கொண்டுவிட்டாள், பார்த்தால் திட்டாதே. இங்கே மழை பிடித்துக்கொண்டது.

உன் அக்கா

*

ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். அங்கே மழையில் நனைந்து சளி பிடித்துக்கொள்ளாதே.

நீ எழுதிய சொல் எங்கள் வீட்டில் பற்றிக்கொண்டுவிட்டது. நேற்று, முழங்காலுக்கு வெந்நீர் வை என்று கேட்டேன். "குறித்துக்கொள்ளப்பட்டது" என்று சொல்லிவிட்டு உன் தம்பி மனைவி பத்திரிகையைப் புரட்டினாள். குழாய் ரிப்பேர், கதவுத் தாழ்ப்பாள் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். சிரித்து மாளவில்லை.

எங்கள் வேலையில் அந்தச் சொல் செல்லாது. விரிசலைப் பார்த்தால் முதலில் கொடி, அப்புறம்தான் நோட்டு. முதல் நாள் பயிற்சியில் அதைத்தான் சொன்னார்கள்.

போகட்டும். கண்ணாடியைப் பற்றிக் கேட்டிருந்தேன். மறந்துவிட்டாய் போலிருக்கிறது.

உன் தம்பி

*

செப்டம்பர் 28

அன்புள்ள தம்பிக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை கழுத்தை நெரிக்கிறது.

வாலுவை என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். தனி வீட்டில் ஒற்றை ஆளாக இருப்பது எனக்கும் அலுத்துவிட்டது. விடுதியில் சத்தம் அதிகம், படிக்கிற பெண்ணுக்கு ஒத்துவராது. பின்பக்க அறையைக் கொடுத்திருக்கிறேன், வெளிச்சம் நன்றாக வரும். அவளுக்குக் கொஞ்சம் கோபம். சரியாகிவிடும்.

நீ கவலைப்படாதே. அவள் பத்திரமாக இருக்கிறாள்.

அக்கா

*

அக்டோபர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? நலமாக இருந்தால் தயவுசெய்து அத்தையிடமிருந்து என்னைக் காப்பாற்றுங்கள்.

என்னை ஏன் விடுதியிலிருந்து இழுத்துவந்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. விடுதியில் சத்தமாம். சத்தம் போட்டதே நான்தான் அப்பா. ஒரு சனிக்கிழமை காலையில் காரோடு வந்து, "பெட்டியை எடு" என்றார்கள். "நெட்டை தனியா இருப்பாளே அத்தை" என்றேன். "பெட்டியை எடுடி" என்றார்கள். அத்தை என்னை 'டி' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. நெட்டையைப் பார்க்க அந்தப் பக்கம் போகவும் கூடாதாம். வகுப்பில் மட்டும் பார்க்கிறேன்.

அத்தை சரியாகச் சாப்பிடுவதில்லை. போன வாரம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, சமையலறைச் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பால் பொங்கி வழிந்தது. "என்ன அத்தை?" என்றேன். "ஒண்ணுமில்லை, ஈரம் இருக்கான்னு பார்த்தேன்" என்றார்கள்.

இன்னொரு கூத்து. அறையில் ஒரு கண்ணாடி இருக்கிறது என்று எழுதினேனே, மீசை வைத்தது, அது உடைந்துவிட்டது. சரியாக நடுவில், மீசை ரெண்டாகப் பிரிந்துவிட்டது. நெட்டைதான் உடைத்தாள் என்று வார்டன் பிடித்துக்கொண்டார். அவள் தொடவே இல்லை. காலையில் எழுந்து பார்த்தபோது உடைந்திருந்ததாம். நம்பவில்லை. மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால்தான் ஆச்சு என்று வாங்கிக்கொண்டாராம். பாவம், வகுப்பிலேயே அழுதாள்.

அம்மாவுக்கு முத்தம்.

உங்கள் வாலு

*

அக்டோபர் 14

அக்கா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. வாலுவின் கடிதம் வந்தது. கண்ணாடி உடைந்தது என்றால் சுவர் நகர்கிறது. அதற்கப்புறம் உன் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு திரும்பப் படித்தேன். இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் மழையைப் பற்றியும் வேலையைப் பற்றியும் எழுதினாய். பொருள் எண் பதினொன்று என்பது எந்தக் கட்டடம்?

என் பெண்ணை வெளியே எடுத்துவிட்டாய். அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். உன் செப்டம்பர் கடிதத்தைப் படித்துவிட்டு, அத்தை வீட்டில் பத்திரமாக இருக்கிறாள் என்று நிம்மதியாகத் தூங்கினேன். இப்போது அந்தத் தூக்கத்தை நினைத்தால் கூசுகிறது. அந்தத் தொகுதியில் இன்னும் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள்? அவர்களுக்கெல்லாம் அத்தை பதிவாளராக இல்லை, அவ்வளவுதானே?

பூசி மெழுகாதே அக்கா. நேராக எழுது.

தம்பி

*

நவம்பர் 20

அக்கா,

முப்பத்தேழு நாள் ஆகிவிட்டது. உன் அலுவலகத்துக்கு மூன்று முறை போன் செய்தேன். "மேடம் கூட்டத்துல இருக்காங்க" என்று ஒரே குரல், ஒரே பதில். வீட்டுக்குச் செய்தால் வாலு எடுக்கிறாள், "அத்தை குளிக்கிறாங்க" என்கிறாள். ஒரு மனுஷி எத்தனை தடவை குளிப்பாள்?

உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

தம்பி

*

டிசம்பர் 2

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ கேட்டதற்குப் பதில் எழுத உட்கார்ந்து நாலு கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். இதைக் கிழிக்கமாட்டேன்.

பொருள் எண் பதினொன்று அந்தத் தொகுதிதான். அஸ்திவாரம் ஒரு பக்கமாக இறங்குகிறது, கீழ்த்தள மேற்குச் சுவர் பிளக்கிறது, உடனே காலி செய்யவேண்டும் என்று பொறியாளர் மார்ச்சிலேயே எழுதியிருக்கிறார். கண்ணாடியை ஒட்டியதும் அவர்தான். கூட்டம் முடிந்த மறுநாள் அறிக்கை முழுவதையும் படித்தேன். படித்த பிறகுதான் குறிப்பில் கையெழுத்துப் போட்டேன். தெரியாமல் போட்டேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது. துணைவேந்தர், "குழு வந்து போகட்டும்மா, மறுநாளே பூட்டிடலாம். நூத்தி நாப்பது பேரை இப்ப கலைச்சா நம்ம தரம் என்ன ஆகும்?" என்றார். அடைப்புக்குறியும் என் கண் முன்னால் இருந்தது. அதையும் மறைக்கப்போவதில்லை.

அப்புறம் மழை நிற்கவில்லை. வாலுவை அழைத்து வந்தேன்.

பழைய பதிவாளரைப் போய்ப் பார்த்தேன். வாளியைக் கீழே வைக்காமலே பேசினார். "அந்த அறிக்கையை இப்படி முடிக்கிற குறிப்பை ஜூன்லயே என்கிட்ட கொண்டுவந்தாங்க, கையெழுத்துப் போடமாட்டேன்னேன். அப்ப உடம்பு சரியில்லைன்னு எழுதிக் கொடுங்கன்னாங்க. எழுதிக் கொடுத்தேன். அதுவும் ஒரு கையெழுத்துதானேம்மா" என்றார். என்னை உள்ளே வரச் சொல்லவில்லை. அங்கேயிருந்து வந்தும் நான் ஒன்றும் செய்யவில்லை.

போன வியாழக்கிழமை வார்டனிடமிருந்து ஒரு கோப்பு வந்தது. உள்ளே நெட்டையின் கடிதம். 'அறை எண் ஏழில் சுவரில் இருந்த கண்ணாடியை நான் உடைக்கவில்லை. ஆனாலும் என் அறையில் உடைந்ததால் என் தவறாகவே ஏற்று, என்னை மன்னிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.' அழகான கையெழுத்து. அன்று முப்பது கோப்புகள். படித்தேன், ஓரத்தில் 'குறித்துக்கொள்ளப்பட்டது' என்று எழுதினேன், தேதி போட்டேன், அடுத்த கோப்பை எடுத்தேன். அதில் பாதி படித்த பிறகுதான் என் கை என்ன எழுதியது என்று புத்திக்கு எட்டியது. தம்பி, சுவர் பிளந்ததற்கு அந்தப் பெண் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். நான் அதைக் குறித்துக்கொள்கிறேன்.

அன்று மதியமே தொகுதியைக் காலி செய்ய உத்தரவு போட்டேன். யாரையும் கேட்கவில்லை. நூற்று நாற்பது பேரும் மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு உள்விளையாட்டு அரங்கத்துக்கு நடந்தார்கள். மார்ச் அறிக்கையோடு என் அறிக்கையையும் சேர்த்து ஆட்சிக்குழுவுக்கு அனுப்பினேன். துணைவேந்தர் குரலைக்கூட உயர்த்தவில்லை. "பயந்துட்டீங்கம்மா. கொஞ்சம் ஓய்வெடுங்க" என்று சொல்லி ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். மருத்துவ விடுப்பு விண்ணப்பம். என் பெயர்கூடத் தட்டச்சாகி இருந்தது. "எனக்கு உடம்பு நல்லாத்தான் சார் இருக்கு" என்று எழுந்து வந்துவிட்டேன். மறுநாள் என்னைப் பொறுப்பிலிருந்து விடுவித்தார்கள். திரும்பவும் வேதியியல்.

நீ என்னைத் திட்டவேண்டும். திட்டி எழுது.

உன் அக்கா

*

டிசம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், முழங்கால் உட்பட. உன் கடிதத்தை நானும் அவளும் மாறி மாறிப் படித்தோம். திட்டவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், வரவில்லை. தாமதமாகத்தான் என்றாலும் கொடியைக் காட்டிவிட்டாய். வண்டி நின்றுவிட்டது. அது போதும்.

நாற்காலி போனதற்கு வருத்தப்படாதே. சாப்பிடு, மாத்திரையைப் போடு. எனக்கு ஜனவரி பதினெட்டாம் தேதியிலிருந்து விடுப்பு கிடைத்திருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். நெட்டைக்கு என்ன பிடிக்கும் என்று வாலுவிடம் கேட்டு எழுது.

உன் தம்பி

*

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். வாலு நலம். உன் மனைவியிடம் இந்தக் கடிதத்தைக் கொடுக்காதே, நீயே படித்துச் சொல்.

வண்டி நிற்கவில்லை.

விடுமுறையில் அந்தச் சுவரைப் பூசி, வெள்ளையடித்து, குறுக்கே ஒரு பீரோவை நிறுத்திவிட்டார்கள். புதிதாகப் பொறுப்பேற்றவர் தத்துவத் துறைக்காரர். பார்த்தால் ஆறுதலாகச் சிரிக்கிறார். கண்காணிப்பாளர் என்னை வராந்தாவில் பார்த்துவிட்டு ஒரு நகலைக் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனார். காதில் பென்சில் இல்லை. அதில் பொருள் எண் ஏழு: 'முன்னாள் பொறுப்புப் பதிவாளரின் அறிக்கை குறித்துக்கொள்ளப்பட்டது.' ஜனவரி இரண்டாம் தேதி மாணவிகள் எல்லோரையும் பழைய தொகுதிக்கே அனுப்பினார்கள். சில வீடுகளுக்கு நானே எழுதினேன். பதினோரு பேரைப் பெற்றவர்கள் வந்து அழைத்துப் போனார்கள். மற்றவர்களுக்கு, அது பதவி போன ஆத்திரத்தில் ஒருத்தி கிளப்பும் வதந்தி என்று பல்கலைக்கழகமே கடிதம் போட்டுவிட்டது.

நெட்டையை என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். வாலு இருக்கிறாள், அறை இருக்கிறது, வாம்மா என்றேன். "மத்தவங்க மேடம்?" என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். பதிவாளராக இருந்ததில் உருப்படியாகக் கற்றது அது ஒன்றுதான். ஒவ்வொரு விடுதியிலும் ஒரு பேராசிரியர் தங்கிக்கொள்ளலாம் என்று ஒரு விதி இருக்கிறது. பதினைந்து வருஷமாக யாரும் தங்கியதில்லை, யாரும் அதை நீக்கவுமில்லை. விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் பெட்டியோடு வந்துவிட்டேன். வார்டனால் தடுக்க முடியவில்லை. உன் மகள் படுத்திருந்த கட்டிலில்தான் இப்போது நான் படுக்கிறேன். மேற்குப் பக்க அறைகளில் இருந்தவர்களை எல்லாம் கிழக்குப் பக்கம் நெருக்கிப் படுக்கவைத்திருக்கிறோம்.

பீரோவை நெட்டையும் நானும் நகர்த்தினோம். புதுப்பூச்சு மயிரிழையாகப் பிளந்திருந்தது. எங்கள் ஆய்வகத்தில் மெல்லிய கண்ணாடிச் சில்லுகளுக்குப் பஞ்சமில்லை. ஒன்றைக் குறுக்கே ஒட்டி, தேதி எழுதினேன். முதல் சில்லு மூன்று நாள் தாங்கியது. இரண்டாவது இரண்டு நாள். மூன்றாவதை இன்று காலையில் ஒட்டியிருக்கிறேன். இது உடைந்தால் நான் யாருக்கும் எழுதிக்கொண்டிருக்கப் போவதில்லை. வார்டன் அறை மணியை விடாமல் அடிக்க நெட்டை தயார், ஒவ்வொரு அறைக்கும் ஒரு பெண் தயார்.

மதிப்பீட்டுக் குழு பதினாறாம் தேதி காலை பத்து மணிக்கு இந்த ஜன்னலைத் தாண்டித்தான் நடந்து போகிறது. வழி வரைபடம் போட்டதே நான்தான். அவர்கள் கையில் காகிதம் கொடுத்தால் அதையும் குறித்துக்கொள்வார்கள். அதனால் உன் கொடி வேண்டும். ரோஸ் கொடி வேண்டாம், புதியது. ரயில்காரன் கொடியைப் பார்த்து யாரும் அலங்காரத் துணி என்று நினைக்கமாட்டார்கள். ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, மார்ச் அறிக்கையோடு பக்கத்தில் நிற்கப்போகிறேன்.

விடுப்பு பதினெட்டுக்கு என்று எழுதியிருக்கிறாய். பதினெட்டுவரை காத்திருக்காதே, இதை விரைவு அஞ்சலில் போடுகிறேன். என் வீட்டுச் சாவி வாலுவிடம் இருக்கிறது, ஆனால் நீ அங்கே போகவேண்டாம். நேராக இங்கே வா.

புது முகவரி: மாணவியர் விடுதி, பழைய தொகுதி, கீழ்த்தளம், அறை எண் ஏழு.

உன் அக்கா